நட்சத்திர வில்லை

அத்தியாயம் 14

போன வாரம் மூர் மார்க்கெட்டில், சௌக்கத் அலி கடையில், ஸ்டானிஸ்லாஸ் கை நீட்டிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து அந்தப் பித்தளை வில்லையைச் சகலை யேசுதாஸ் தட்டிக்கொண்டு போனான் அல்லவா? அன்றிலிருந்து ஸ்டானிஸ்லாஸுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு டீக்கடை வில்லைக்கா இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்கலாம். அவன் மனைவி அடைக்கலமேரியும் அதையேதான் கேட்டாள். ஏழு நாளும் கேட்டாள்.

யுத்தத்தின்போது பட்டணத்தில் சில்லறைக்கு வந்த பஞ்சத்தை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். காலணாவும் அரையணாவும் எங்கே போய் ஒளிந்தனவோ, ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரன் கையை விரித்தான். டீக்கடை, ரொட்டிக்கடை, கடைசியில் சவரக்கடைக்காரர்கூட ஆளுக்கொரு வில்லை அடித்து, மீதிச் சில்லறைக்குப் பதிலாக அதைக் கையில் திணித்தார்கள். தகரத்தில் ஒன்று, அட்டையில் ஒன்று, செருப்புத் தோலை வட்டமாக வெட்டி ஒன்று. ராயபுரத்தில் கோயில் காணிக்கைத் தட்டிலும் அவைதான் விழுந்தன. யுத்தம் முடிந்து காசு திரும்பி வந்ததும் ஜனங்கள் அவற்றைக் குப்பையில் கொட்டினார்கள். துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருக்கும் ஸ்டானிஸ்லாஸ் ஒருவன்தான் குனிந்து பொறுக்கினான்.

நாலு வருஷமாகப் பொறுக்கினான். சுருட்டுப் பெட்டியில் பஞ்சு பரப்பி அடுக்கி வைத்தான். அவனுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் யேசுதாஸுக்கு. ரயில்வே கார்டு உத்தியோகம் யேசுதாஸுக்கு, ராலே சைக்கிள் யேசுதாஸுக்கு, மாமனார் தேவப்பிரியத்தின் செல்லம் யேசுதாஸுக்கு. இத்தனை இருந்தும் போதாமல், ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தப் பாவி வில்லை சேர்க்க ஆரம்பித்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு வில்லை மட்டும் இரண்டு பேரிடமும் கிடையாது. கல்மண்டபத்தில் இருந்த ஸ்டார் ரொட்டிக்கடையின் வில்லை. பிஸ்கட் டின்னை வெட்டி, கடைக்காரரின் மகன் ராசையா ஆணியால் குத்திக் குத்தி நட்சத்திரம் போட்டது. நாற்பத்தி நாலில் ராசையா பட்டாளத்து ரொட்டிக் கிடங்கில் சேர்ந்து கப்பலேறியதும் கிழவர் கடையை மூடினார். மூடுமுன் மூன்று நாள் இராப்பகலாக அடுப்பை எரியவிட்டு, வில்லை கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் ரொட்டி கொடுத்து, திரும்பி வந்த வில்லைகளை மூட்டை கட்டிக் கடலில் போட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். ஒன்றுகூட மிச்சமில்லை என்றுதான் ராயபுரம் முழுக்கப் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார்மேல் மாதா திருநாள். அடைக்கலமேரி முதல் பூசை பார்த்துவிட்டு அப்படியே கல்மண்டபத்தில் அப்பா வீட்டுக்குச் சமைக்கப் போகிறவள், விடியற்காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"ந்தா, காதுல வுழுதா? டிரங்குப் பொட்டியில என் பழைய உத்தரியம் கீது. நீலக் கரை போட்டது. வரும்போது எடுத்துகினு வந்து கோயில்ல குடுத்துடு. இன்னைக்குத்தான் எரிக்கறாங்க."

"சரி சரி."

"இன்னா சரி? இன்னா கரை சொன்னேன்?"

"அதான் சரின்றேனே! போம்மே!"

அவன் மனசு அவளிடமா இருந்தது? மத்தியானம் மாமனார் வீட்டு விருந்தில் யேசுதாஸ் அந்தப் பித்தளை வில்லையைக் காட்டிக் குதிப்பானே, அதில் இருந்தது.

உத்தரியம் என்பது மாதா பக்தர்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற, நூலில் கோத்த இரண்டு பழுப்புத் துணித் துண்டு. நைந்துபோனால் அதைக் குப்பையில் எறியக் கூடாது. மந்திரித்த வஸ்து. திருநாளன்று கோயிலில் புதியது வாங்கிப் போட்டுக்கொண்டு, பழையதைக் கூடையில் போட்டால் மொத்தமாக எரிப்பார்கள். ஸ்டானிஸ்லாஸ் பெட்டியைத் திறந்தான். கல்யாணப் புடவைக்கு அடியில், பழைய காகிதத்தில் சுற்றி ஓர் உத்தரியம் இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இரண்டாம் பூசை முடிந்து கூடைக்கு முன்னால் வரிசையில் நின்றான். அவன் முறை வந்து உத்தரியத்தை விரலில் பிடித்தபோது துணிக்குள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அமுக்கிப் பார்த்தான். வட்டமாக இருந்தது.

வில்லை பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய விரல் அது. அதற்குத் தெரியாதா?

வரிசையை விட்டு விலகி, கோயில் பக்கத்துச் சுவர் ஓரமாகப் போய் நின்றான். பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தான். உள்ளங்கையில் வந்து விழுந்தது, ஆணியால் குத்திய ஐந்து முனை நட்சத்திரம்.

"யேசுவே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். முழுசாக ஒரு நிமிஷம் அவனைப்போலச் சந்தோஷப்பட்டவன் ராயபுரத்தில் இல்லை. செத்தான் யேசுதாஸ்! இனி அவன் எத்தனை பித்தளை வில்லை வாங்கினால் என்ன?

பிறகு வில்லையைத் திருப்பினான். பின்பக்கம் ஆணியால் கீறி எழுதியிருந்தது. 'திரும்பி வருவேன். ரா.'

ரா என்றால் ராசையா. வேறு எந்த ரா அந்தக் கடையில் ஆணி பிடித்தான்?

ஸ்டானிஸ்லாஸுக்குக் காது இரண்டும் கொதித்தன. ராசையாவை அவனுக்குத் தெரியும். நல்ல உயரம். முழங்கை வரை மாவு அப்பியிருக்கும். கோயில் பாட்டுக் குழுவில் அவன் குரல் ஒன்றுதான் தனியாகக் கேட்கும். கடைக்கும் தேவப்பிரியம் வீட்டுக்கும் நடுவில் இரண்டே வீடு. நாற்பத்தி நாலில் அவன் போனான். நாற்பத்தி ஆறில் அடைக்கலமேரி ஸ்டானிஸ்லாஸுக்குக் கழுத்தை நீட்டினாள். ஏன் நீட்டினாள்? போனவன் வரவில்லை, அதனால் நீட்டினாள்!

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. நாலு வருஷத்தில் அவள் வீட்டுக்கு ஒரு ரொட்டி வாங்கியது உண்டா? 'ரொட்டி எனக்குப் புடிக்காது' என்பாள். புடிக்காதா, பார்த்தால் அழுகை வருமா? வில்லைப் பெட்டியைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அது எதற்கு? தகரத்துக்காகத் தன் புருஷன் மார்க்கெட் மார்க்கெட்டாக அலைய, அந்தத் தகரத்தையே கல்யாணப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்!

கல்மண்டபத்துக்கு அவன் நடக்கவில்லை, ஓடினான்.

அடைக்கலமேரி கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தேவப்பிரியம் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடைக்கலமேரியின் தங்கை எல்சியும் அவள் புருஷன் யேசுதாஸும் இன்னும் வந்து சேரவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் அடைக்கலமேரியின் முன்னால் கையை விரித்தான்.

மீன் அவள் கையிலிருந்து நழுவிச் சட்டியில் விழுந்தது. "இத்த எங்கேர்ந்து எடுத்தே?"

"நீ எங்க வெச்சியோ அங்கேர்ந்துதான். இன்னாடி இது?"

"மாதாவே! மொள்ளப் பேசு. குடு அத்த."

"குடுக்கறதா? யாருது சொல்லு மொதல்ல. ராசையா உனக்கு இன்னா வேணும்?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னைக்கு ஒண்ணும் கேக்காத. வூட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்றேன். உன் கால்ல வுழறேன், இத்த யார் கண்ணுலயும் காட்டிடாத."

"ஓகோ! ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு பயமா? கட்டிகினவனுக்குத் தெரிஞ்சா பரவால்லியா?"

"ஐயோ, நீ நெனைக்கற மாதிரி இல்லய்யா..."

"எந்த மாதிரி? சொல்லேன்!"

அவள் சொல்லவில்லை. மாதா பேரில் சத்தியம் செய்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டவள் அவள். அது அவனுக்கு எப்படித் தெரியும்? பேசாமல் நிற்கிறாளே, அதுவே போதும் என்று நினைத்தான். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவள் கையைப் பிடிக்க வந்தாள். அவன் உதறிவிட்டு வில்லையை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போனான்.

யேசுதாஸ் வந்தால் வீடே நிறைந்துவிடும். ஆளைக் குறை சொல்வதற்கில்லை, நல்லவன்தான். அதுதான் ஸ்டானிஸ்லாஸுக்குத் தாங்காது. கெட்டவனாக இருந்தாலாவது வாய்நிறையத் திட்டலாம்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சி ஏன் இப்படிக் கீது? ராத்திரி தூங்கலியா? நைனா, இத்தப் பாரு. ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சது!"

சிவப்பு வெல்வெட் வைத்த தேக்குப் பெட்டி. மேலே கண்ணாடி மூடி. ஒவ்வொரு வில்லைக்கும் அளவாக ஒரு குழி. நடுவில் மட்டும் ஒரு குழி காலியாக இருந்தது. சுருட்டுப் பெட்டியும் பஞ்சும் ஸ்டானிஸ்லாஸின் கண்முன்னே வந்து போயின.

"சோக்கா கீதுடா!" என்றார் தேவப்பிரியம். லாஞ்ச் படகில் சுக்கான் பிடித்தவர். குரலும் அதற்குத் தகுந்த குரல். "வாங்க, சாப்டுகினே பேசலாம். கொடுவா மீன் கெடைச்சுது."

ஆண்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். எல்சி சோறு போட்டாள். அக்காவைவிட மூன்று வயசு சின்னவள், அதிகம் பேசாதவள். அடைக்கலமேரி குழம்புச் சட்டியோடு வந்தாள். அவள் குழம்பை இலைக்கு வெளியே ஊற்றுவதை ஸ்டானிஸ்லாஸ் பார்த்தான். ஊற்றட்டும் என்று இருந்தான்.

தேவப்பிரியம் வழக்கம்போல மீன் தலையைத் தூக்கி யேசுதாஸ் இலையில் வைத்தார். இந்த வீட்டில் மீன் தலை யார் இலையில் விழுகிறதோ அவன்தான் மருமகன். நாலு வருஷமாக ஸ்டானிஸ்லாஸுக்கு நடுத்துண்டம்தான்.

"நடுவுல ஏண்டா ஒரு பள்ளம் காலி?" என்று கேட்டார் மாமனார்.

"அது நட்சத்திர வில்லைக்கு, நைனா. அண்ணாத்தைக்கும் தெரியும். அது இல்லாத செட்டு ஒரு செட்டா? அவரு நாலு வருஷம் தேடிக் கெடைக்கல. நான் இந்தக் கிறிஸ்மஸுக்குள்ள புடிச்சுக் காட்டறேனா இல்லியா பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஸ்டானிஸ்லாஸுக்கு அந்த நேரம் விளையாட்டுத் தாங்குகிற நேரமா? பெண்டாட்டி மேல் இருந்த எரிச்சல், சகலை மேல் இருந்த எரிச்சல், மீன் தலை மேல் இருந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்துகொண்டது. மடிப்பிலிருந்து வில்லையை எடுத்தான். யேசுதாஸின் இலைக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தான்.

"தேட வேணாம்," என்றான். "பாத்துக்கோ."

யேசுதாஸின் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. ஆகா, அந்த முகம்! வாய் பிளந்து, கண் விரிந்து. இந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை நாளும் தவம் கிடந்தான் ஸ்டானிஸ்லாஸ்! வயிறு குளிர்ந்தது.

அப்போது சோற்றுக் கரண்டி தரையில் விழுந்து உருண்டது.

அடைக்கலமேரி போட்டது என்று நினைத்துத் திரும்பினான். அவள் இல்லை. எல்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை வில்லையைவிட்டு நகரவில்லை. இன்னொரு கை கழுத்துக்குப் போய் எதையோ தேடியது.

"அக்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஸ்டானிஸ்லாஸ் மெதுவாகச் சட்டைப் பையில் இடது கையை விட்டு, பிரித்த உத்தரியத்தின் ஓரத்தை இழுத்துப் பார்த்தான்.

சிவப்புக் கரை.

'நீலக் கரை போட்டது' என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாளே! அக்காவுக்கு நீலம், தங்கைக்குச் சிவப்பு. சின்ன வயசில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று, இரண்டும் மாறிப்போகாமல் இருக்க அவர்கள் அம்மா தைத்துக் கொடுத்ததென்று அடைக்கலமேரி எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்! புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் தங்கை அழுதுகொண்டு கொடுத்ததை, அக்கா வாங்கித் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

என் பெண்டாட்டி இல்லை! அவனுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

குதிக்க எங்கே முடிந்தது? யேசுதாஸ் வில்லையைத் திருப்பிவிட்டான்.

"திரும்பி வருவேன், ரா," என்று உரக்கப் படித்தான். "ராசையாவா? யாருக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான்?"

சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கியவன், எல்சியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கழுத்தில் இருந்த கையைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த முகத்தை ஸ்டானிஸ்லாஸ் அடையாளம் கண்டுகொண்டான். காலையில் கோயில் சுவர் ஓரம் நின்றவனின் முகம் அது. யேசுதாஸ் ஒருநாளாவது தன்னைப்போல வெந்து சாகவேண்டும் என்று எத்தனை ராத்திரி ஆசைப்பட்டிருப்பான்! இதோ வேகிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

"எங்க வாங்கினே அண்ணாத்தே?" யேசுதாஸின் குரல் மாறியிருந்தது.

"மார்க்கெட்ல."

"மார்க்கெட்ல எங்க? நேத்துகூட சௌக்கத் அலியண்ட கேட்டேன். அப்படி ஒண்ணு ஒலகத்துலயே இல்லன்னான். யார்கிட்ட வாங்கினே?"

"அது... வந்து... ஒரு ஆளு..."

"எந்த ஆளு?" கேள்வி இவனுக்கு, பார்வை எல்சிக்கு.

"என்னுது," என்றாள் அடைக்கலமேரி.

குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "எதுக்கு அவரைப் போட்டுக் கொடையறீங்க? என் பொட்டியில இருந்து எடுத்தாரு. ராசையா எனக்குக் குடுத்துட்டுப் போனது. எல்சிக்குத் தெரியும். அதான் பயந்துகினு நிக்கறா."

தேவப்பிரியம் இலையைவிட்டு எழுந்தேவிட்டார். "அடிப்பாவி! என் வூட்லயா?"

"கல்யாணத்துக்கு மின்னால நடந்தது, நைனா. முடிஞ்சு போச்சு."

யேசுதாஸ் விட்ட பெருமூச்சு அந்த அறைக்கே கேட்டது. முகத்தில் ரத்தம் திரும்பியது. எல்சியைப் பார்த்து, தப்பாக நினைத்துவிட்டேனே என்கிறதுபோல அசடு வழிந்தான். பிறகு ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தான். பாவம், பாவம் என்று அந்தப் பார்வை சொன்னது.

ஒரே ஒரு வார்த்தை போதும். பையில் இருக்கும் சிவப்புக் கரையை எடுத்து இலைமேல் போட்டால் போதும், ஸ்டானிஸ்லாஸின் மானம் திரும்பி வந்துவிடும். அடைக்கலமேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சக்கூட இல்லை, சும்மா பார்த்தாள்.

அவன் இடது கையால் சிவப்புக் கரையைப் பையின் அடியில் அமுக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். அவள் சொன்னது பொய்தான், நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த ராசையாவின் பேர் அவள் வாயில் அத்தனை லேசாக வந்ததே, அது மட்டும் முள்ளாய்க் குத்தியது.

"வுடு அண்ணாத்தே," என்றான் யேசுதாஸ், அவன் முதுகில் தட்டி. "எந்த வூட்ல இல்ல? மனசுல வெச்சுக்காத. இந்தா, நீ சாப்புடு." தன் இலையிலிருந்த கொடுவா மீன் தலையைத் தூக்கி அவன் இலையில் வைத்தான். மாமனார் தடுக்கவில்லை.

நாலு வருஷம் ஏங்கிய மீன் தலை. ஸ்டானிஸ்லாஸ் குனிந்த தலை நிமிராமல் அதைத் தின்றான்.

கை கழுவிவிட்டு வந்த யேசுதாஸ், வில்லையைத் துண்டால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? இது உன் வூட்ல இருக்க வேணாம். தெனம் பாத்தா தெனம் பேஜாரு. என்கிட்ட குடுத்துடு. அந்தப் பித்தளை வில்லைய நீ எடுத்துக்கோ."

வேண்டாம் என்று சொல்ல ஸ்டானிஸ்லாஸுக்கு என்ன காரணம் இருந்தது? தலையாட்டினான். வெல்வெட்டின் நடுவிலிருந்த காலிக் குழியில் யேசுதாஸ் அதைப் பதித்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியை மூடி, பெருமை தாங்காமல் எல்சியின் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாத்தியா? நம்ம ஹால்ல, மாதா படத்துக்குக் கீழ வெக்கப்போறேன்."

எல்சி பார்த்தாள்.

"இன்னொரு சமாச்சாரம். யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன்," என்றான் யேசுதாஸ், சைக்கிளைத் திருப்பிக்கொண்டே. "காலடிப்பேட்டையில புதுசா ஒரு ரொட்டிக்கடை வெச்சிருக்காங்க. போர்டுல பெரிய நட்சத்திரம். நம்ம ராசையாதான்! மலேயாவுல கெடந்துட்டு இப்பத்தான் வந்தானாம். நாளைக்கு எனக்கு ராத்திரி டூட்டிதான். காலைல போய் இந்த வில்லையக் காட்டி, யாருக்குடா குடுத்தேன்னு கேக்கப்போறேன். பயப்படாதீங்க அண்ணி, உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். அவனே சொல்றானா பாக்கலாம்."

அடைக்கலமேரியின் கை ஸ்டானிஸ்லாஸின் கையைத் தேடிப் பிடித்தது. அவன் உதறவில்லை. சட்டைப் பையில் அந்தச் சிவப்புக் கரை நெஞ்சைச் சுட்டது.

"நீயும் வாயேன், எல்சி," என்றான் யேசுதாஸ். "அந்தக் கடை ரொட்டின்னா உனக்கு உசுருன்னு நைனா சொல்வாரே."

வந்ததிலிருந்து 'அக்கா' என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு பேசாத எல்சி, தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, புருஷனை நேராகப் பார்த்தாள்.

"வரேன்," என்றாள்.